குரலுக்கும் ஒரு பதிவு எண் வேண்டும்



வெளிநாடுகளில் பல ஊர்ப் பொது நூலகங்கள் இப்போது பாட்காஸ்ட் நடத்துகின்றன. தமிழில் வலையொலி என்கிறார்கள். வானொலி நிகழ்ச்சி மாதிரிதான். ஆனால் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். கைப்பேசியில் நமக்கு ஒழிந்தபோது கேட்டுக்கொள்ளலாம். ஊர்க்காரர்கள் வந்து தங்கள் அனுபவத்தைப் பேசுகிறார்கள். நூலகர் ஒரு புத்தகத்தை அறிமுகம் செய்கிறார். உடல்நலம், மனநலம் பற்றி யாராவது சொல்கிறார்கள். அரைமணி, முக்கால் மணிக்குள் முடிந்துவிடும்.

ஓய்வூதியர் நண்பர்கள் நடுவில் அண்மையில் இந்தப் பேச்சு வந்தது. "நம்ம மங்கலம்பேட்டை லைப்ரரியிலும் இப்படி ஒண்ணு ஆரம்பிச்சா என்ன சார்?" என்று ஒருவர் கேட்டார். "இருக்கிற புஸ்தகத்தைத் தூசு தட்டவே ஆள் இல்ல, இதுல ரேடியோ ஒரு கேடா?" என்றார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. என் கருத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடங்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை. புத்தகம் வந்தால் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, அலமாரியில் வைக்கிறோம். அதே மரியாதையை அங்கே வந்து பேசுகிறவரின் குரலுக்கும் செய்ய வேண்டும். எண் போட்டு, நிரந்தரமாக வைக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் பதிவு செய்து கைப்பேசியில் அனுப்புவதற்கு ஒரு நூலகம் தேவையில்லை. அதை ஆயிரம் பேர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள்.

யாருக்குப் பயன்?

நூலகத்தின் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள்தான். நாலு செய்தித்தாளையும் வரிவிடாமல் படித்து, தலையங்கத்தைப் பற்றி வெளியே வந்து சண்டை போடுகிறவர்களும் நாம்தான். ஆனால் நம்மைத்தான் நூலகம் முதலில் இழக்கிறது. கண்ணில் புரை என்றால் அறுவைச் சிகிச்சையில் சரியாகிவிடும். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுவிட்டாலோ, கண் நீர் அழுத்தத்தால் நரம்பு பழுதானாலோ, போன பார்வை போனதுதான். கண் நன்றாக இருந்தாலும் முழங்கால் விடாது. முப்பது வருடம் தினமும் வந்தவர் ஒரு மாதம் வரவில்லை என்றால், நூலகத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேட்கவும் அவர்களிடம் ஆள் இல்லை.

கண் போனாலும் பலருக்குக் காது மிச்சம் இருக்கிறது. வள்ளுவர் வரிசையைப் பாருங்கள். 40-வது அதிகாரம் கல்வி, 41-வது கல்லாமை, 42-வது கேள்வி. படிப்பைப் பற்றிச் சொல்லி, படிக்காததைப் பற்றிச் சொல்லி, உடனே காதால் கேட்டு அறிவதைப் பற்றிச் சொல்கிறார். படிக்க முடியாதவருக்கும் அறிவுக்கு வழி உண்டு என்பது அந்த வரிசையிலேயே இருக்கிறது.

நூலகம் மக்களைத் தேடிப் போவதும் நமக்குப் புதிதல்ல. 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை முயற்சியால் மாட்டு வண்டியில் ஒரு நூலகம் கிளம்பியது. ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் கொடுத்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கான தம் ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டதும் அதே 1931-இல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய நூல் கிடைக்க வேண்டும், நூலகம் என்பது வளர்ந்துகொண்டே போகிற ஓர் உயிர் என்பதெல்லாம் அதன் சாரம். அன்றைக்கு மாட்டு வண்டி செய்ததை இன்றைக்குக் கைப்பேசி செய்தால் ரங்கநாதன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது. 1948-இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்தது. அந்தச் சட்டத்தால்தான் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். இப்போது ரூபாய்க்குப் பத்து பைசா. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கட்டுகிறார், கண் தெரியாதவரும் கட்டுகிறார், வாழ்நாளில் நூலகப் படி ஏறாதவரும் கட்டுகிறார். அவர்களுக்கு அந்தப் பத்து பைசாவுக்கு என்ன திருப்பிக் கொடுத்தோம் என்பது கேட்க வேண்டிய கேள்விதான்.

புத்தகத்தில் இல்லாத ஒருவர்

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போனது என்பது உங்களுக்குத் தெரியும். நெய்வேலிப் பக்கத்துக் களிமண், அங்கே தொழிற்பேட்டை, செராமிக் தொழில்நுட்பம் கற்றுத்தர அரசு நிறுவனம் எல்லாம் உண்டு. நம்மூரிலிருந்தும் அந்த வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் சூளை வேலை. படிப்பு, கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான். சூளையில் பார்க்கிற சிறு துளை வழியாக உள்ளே பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். மங்கிய சிவப்பு, ஆரஞ்சு, வெளிர்மஞ்சள் என்று நிறம் மாறிக்கொண்டே போகும். பீங்கானுக்கு 1,200 டிகிரிக்கு மேல் வேண்டும். எந்த நிறத்தில் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும், மழைக்காலத்தில் அச்சு காயாமல் எப்படிப் படுத்தும், பளபளப்புப் பூச்சு ஏன் சில நாள் வெடிக்கும் என்று திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சொல்வார். நடுநடுவே இருமுவார். அது சாதாரண இருமல் இல்லை. படிகக்கல் தூசு நுரையீரலில் படிந்து வருகிற சிலிக்கோசிஸ். வந்துவிட்டால் குணமாக்க மருந்து கிடையாது.

அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பீங்கான் தொழிலைப் பற்றிய பாடப் புத்தகங்கள் நிறைய உண்டு. சிலிக்கோசிஸ் பற்றி மருத்துவப் புத்தகங்களும் உண்டு. ஆனால் இந்த மனிதர் சொன்ன மாதிரி, இரண்டையும் ஒரே மூச்சில், தன் உடம்பை வைத்துச் சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லை. தொழிலின் பெருமையும் அதன் விலையும் அவர் ஒருவர் பேச்சிலேயே இருந்தன. நூலகத்தில் ஒரு மேசை, ஒரு கைப்பேசி, கேட்கத் தெரிந்த ஒரு ஆள் இருந்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் பதிவாகியிருக்கும்.

நம்மூரில் இப்படி இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்! முந்திரிக் கொல்லையில் வாழ்நாளைக் கழித்த ஆயா, தெருக்கூத்தில் வேடம் கட்டியவர், ஒப்பாரி பாடத் தெரிந்த பெண்கள், சந்தையில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் பாய், மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்த வருடங்களை வரிசையாகச் சொல்கிறவர். நாம் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் பலர் நம்மைவிட மூத்தவர்கள். மிச்சம் எவ்வளவு காலம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பிரெஞ்சுக்காரர் செய்த வேலை

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். ஸேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்சின் ஆறுகளை வரிசை மாறாமல் ஒப்பித்த வயதில், எங்கள் மணிமுத்தாறு எங்கே உற்பத்தியாகிறது என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. அந்தப் படிப்பைக் குறை சொல்லவில்லை. ஆறு தெரியாமல் போனாலும் சில நல்ல விஷயங்கள் தெரிந்தன. அதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும்.

பிரெஞ்சு மொழியின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியவர் ஃபெர்தினான் புருனோ. சொர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1911-இல் இசைத்தட்டுக் கம்பெனிக்காரரான எமில் பத்தேயின் உதவியோடு, பல்கலைக்கழகத்தில் 'பேச்சுக் காப்பகம்' ஒன்றைத் தொடங்கினார். பெரிய கவிஞர்களின் குரலையும் பதிவு செய்தார்; அப்போலினேர் 1913-இல் அங்கே வந்து தன் கவிதைகளைப் படித்திருக்கிறார். அத்தோடு நின்றிருந்தால் நான் இங்கே எழுத மாட்டேன். 1912, 1913-ஆம் ஆண்டுகளில் அந்தப் பேராசிரியர் பதிவு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஆர்தென், பெர்ரி, லிமூஸேன் ஆகிய நாட்டுப்புறப் பகுதிகளுக்குப் போனார். குடியானவர்களை உட்காரவைத்து அவர்கள் வட்டாரப் பேச்சிலேயே பேசச் சொன்னார், பாடச் சொன்னார். அடுத்த வருடமே முதல் உலகப் போர். கிராமங்களிலிருந்து போன இளைஞர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தப் பேச்சு வழக்குகளும் பிறகு தேய்ந்தன. ஆனால் அந்தத் தட்டுகள் இன்றும் பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. எண் போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்தபடி இணையத்தில் கேட்கலாம்.

பிரெஞ்சில் நூலகத்துக்கு 'பிப்லியோத்தேக்' என்று பெயர். ('லிப்ரேரி' என்றால் அங்கே புத்தகக் கடை. கேட்டுவிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.) ஒலிப்பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு 'ஃபோனோத்தேக்' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். 1938-இல் அதைத் தேசிய அளவில் ஒரு நிறுவனமாகவே ஆக்கினார்கள். அதே 1938-இல், ஜூன் 16-ஆம் தேதி, நம் சென்னை வானொலி நிலையம் தொடங்கியது. அங்கே குரலைச் சேர்த்து வைக்க ஏற்பாடு செய்த வருடத்தில் இங்கே குரலை ஒலிபரப்ப ஏற்பாடு செய்தோம். இரண்டும் வேண்டியதுதான். ஆனால் அந்தக் காலத்து வானொலியில் பெரும்பகுதி நேரடி ஒலிபரப்பு. கேட்டவர் காதோடு முடிந்துபோனது. நம் தலைமுறை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்ட நாடகங்களையும் கிராமிய நிகழ்ச்சிகளையும் இப்போது தேடிப் பாருங்கள், எவ்வளவு கிடைக்கிறது என்று.

நடுநாட்டுப் பேச்சு

நம் பேச்சில் என்ன இருக்கிறது பதிவு செய்ய, என்று கேட்கலாம். வேர்க்கடலையை நாம் மல்லாட்டை என்கிறோம். மணிலாவிலிருந்து வந்த கொட்டை, மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை. கடல் தாண்டி வந்த ஒரு பயிரின் கதை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. கொல்லை என்றால் மற்ற ஊர்களில் வீட்டின் பின்புறம்; நமக்கு அது மானாவாரி நிலம். நம் பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். பேரப் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் போய்ச் சேருவதற்கு வழி என்ன?

இதை நன்றாக உணர்ந்தவர் நம் பக்கத்துக்காரரே. விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே 'நடுநாட்டுச் சொல்லகராதி' தொகுத்தார். அதற்கு முன்னால் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு அகராதி செய்தார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து மாணவர்களைக் கொண்டு நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். தனிமனிதர்கள் இவ்வளவு செய்திருக்கும்போது, ஊருக்கு ஊர் கட்டடமும் ஊழியரும் உள்ள நூலகத் துறை ஒரு பங்கு செய்ய முடியாதா? அகராதி சொல்லைக் காப்பாற்றும். அந்தச் சொல்லை ஒரு ஆயா எப்படி இழுத்து, எந்த இடத்தில் சிரித்துச் சொன்னாள் என்பதைக் குரல்தான் காப்பாற்றும்.

ஆர். டிஸ். போட வேண்டிய கோப்பு

அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு கோப்பை முடிக்கும்போது அதை எவ்வளவு காலம் வைப்பது என்று முடிவு செய்வோம். எல். டிஸ். என்றால் ஒரு வருடம். கே. டிஸ். மூன்று வருடம். டி. டிஸ். பத்து வருடம். ஆர். டிஸ். என்றால் நிரந்தரம், பதிவறையில் அதற்குத் தனி மரியாதை. கைப்பேசியில் வருகிற பேச்சுகளுக்கு இன்று எல். டிஸ். ஆயுள்கூட இல்லை. கைப்பேசி நிரம்பியது என்றால் அழித்துவிடுகிறோம். நடத்துகிற கம்பெனி கடையை மூடினால் எல்லாம் போய்விடும். ஊர்க்காரர்களின் குரலுக்கு ஆர். டிஸ். போட அதிகாரமும் இடமும் உள்ள இடம் நூலகம் ஒன்றுதான்.

பிரான்சில் 1537-இலேயே முதலாம் ஃபிரான்சுவா மன்னர், அச்சாகும் புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அரசு நூலகத்துக்கு வர வேண்டும் என்று ஆணையிட்டார். 1992-இல் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் அந்தக் கடமையில் சேர்த்துச் சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் 1954-இல் வந்த சட்டப்படி அச்சாகும் புத்தகத்தின் பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் போக வேண்டும். பிறகு செய்தித்தாள்களைச் சேர்த்தார்கள். குரல் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

பிரதி இல்லாததன் விலை என்ன என்று தமிழர்களுக்குத் தெரியும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்த மண்ணிலிருந்துதான் 2005-இல் 'நூலகம்' என்ற இணைய நூலகம் கிளம்பியது. தன்னார்வலர்கள் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஏற்றினார்கள். பிறகு மனிதர்களின் வாய்மொழி வரலாற்றையும் பதிவு செய்து, அதே ஒழுங்கோடு வைக்கிறார்கள். சிங்கப்பூர் அரசு 1979-இலேயே வாய்மொழி வரலாற்றுக்கு ஒரு பிரிவு தொடங்கியது. அங்கே தமிழர்கள் தமிழிலேயே பேசிய பதிவுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் 2003-இல் நியூயார்க் ரயில் நிலையத்தில் ஒரு சிறு அறை வைத்து 'ஸ்டோரிகார்ப்ஸ்' என்று ஆரம்பித்தார்கள். ஒருவரை ஒருவர் அறிந்த இரண்டு பேர் நாற்பது நிமிடம் பேச வேண்டும். அவர்கள் சம்மதித்தால் பிரதி காங்கிரஸ் நூலகத்துக்குப் போகும். பாட்டியைப் பேத்தி கேட்பாள், பழைய முதலாளியைத் தொழிலாளி கேட்பார். நிபுணர் யாரும் வேண்டாம். இந்த முறை நமக்கு நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நலவாழ்வு என்று ஒன்று

இங்கே கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். நம் ஊரில் உடல்நலம் என்று மைக்கைக் கொடுத்தால், சர்க்கரைக்கு ஆவாரம்பூ, அழுத்தத்துக்கு இன்னொன்று என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வோம். வாட்ஸ்அப்பில் அது போதுமான அளவு வந்துகொண்டிருக்கிறது. நூலகத்தின் முத்திரையோடு அது போகக் கூடாது. நூலகம் சொன்னது என்று யாராவது மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு? தன் நோயோடு எப்படி வாழ்ந்தேன் என்று யாரும் பேசலாம். என்ன மருந்து சாப்பிடலாம் என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மட்டும் சொல்லட்டும்.

எனக்குத் தெரிந்து நலவாழ்வில் நூலகம் செய்யக்கூடிய பெரிய உதவி வேறு. 2025-இல் உலக சுகாதார நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது: உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார், அது உடம்பையும் கெடுக்கிறது என்று. பிள்ளைகள் வெளியூரில், துணை போய்ச் சேர்ந்தாயிற்று, தொலைக்காட்சி ஒன்றுதான் பேசிக்கொண்டிருக்கிறது என்ற நிலையில் எத்தனை வீடுகள் நம் தெருக்களில் இருக்கின்றன! அங்கே இருக்கிறவரிடம் போய், "ஐயா, நீங்க சொல்றதைக் கேட்க வந்திருக்கோம், ஒரு மணி நேரம் ஒதுக்குங்க" என்று சொன்னால் அதுவே மருந்து. ஜப்பானில் 1928-இல் இருந்து வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்புகிறார்கள். கிழவர்கள் பூங்காவில் கூடி அதற்கேற்பக் கை கால் அசைக்கிறார்கள். பயிற்சியைப் போலவே கூடுவதும் அவர்களுக்கு நன்மை. இங்கிலாந்தில் 2013 முதல், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் நூலகப் புத்தகங்களைப் பரிந்துரைக்கும் திட்டம் நடக்கிறது. இப்படி வழிகள் இருக்கும்போது கஷாயக் குறிப்பு எதற்கு?

படித்துக் காட்ட என்ன புத்தகம்?

கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்வதும் நல்ல யோசனைதான். ஆனால் கடையில் விற்கும் எந்தப் புத்தகத்தையும் முழுதாக வாசித்து எல்லாருக்கும் அனுப்பிவிட முடியாது. எழுத்தாளரின் உரிமை இருக்கிறது. பார்வையற்றோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளுக்கென்று மட்டும் சட்டம் 2012-இல் விலக்குக் கொடுத்தது. அது அவர்களுக்கு மட்டும். பொதுவில் வாசிக்க நமக்குப் பெரிய கொடை இருக்கிறது: நாட்டுடைமை. பாரதியார், கல்கி, புதுமைப்பித்தன் முதலானோரின் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே வாரம் ஒரு கதை வாசிக்கச் சொல்லலாம். கேட்கிற தாத்தாவுக்குக் கதை. வாசிக்கிற பிள்ளைக்கு உச்சரிப்பு. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிட்ட காலத்தில் இரண்டாவது பயன் சிறியதல்ல.

ஆட்சேபங்கள்

நூலகருக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது உண்மை. கூரை ஒழுகும் நூலகங்களும் உண்டு. புத்தகம் வாங்கும் பணத்தை எடுத்து ஒலிப்பதிவு அறை கட்டினால் நானே எதிர்த்து மனு எழுதுவேன். ஆனால் இதற்கு அறை வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்தி, ஒரு நல்ல கைப்பேசியில் பதிவு செய்தால் போதும். ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 30 எம்பி. நூறு மணி நேரம் சேர்ந்தால் 3 ஜிபி. சில நூறு ரூபாய்ப் பென்டிரைவில் ஓர் ஊரின் நூறு மணி நேரம் அடங்கிவிடும். வேலையை வாசகர் வட்டம் ஏற்க வேண்டும். ஓய்வு பெற்ற நாம் எதற்கு இருக்கிறோம்?

எனக்கு உள்ள பெரிய பயம் வேறு. 'சமூகக் குரல்களைக் கொண்டாடுகிறோம்' என்று ஆரம்பித்து, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று போய்விடும். முதல் பத்துப் பதிவுகளும் ஊர்ப் பிரமுகர்களுடையதாக, அதிலும் ஓய்வு பெற்ற நம்மைப் போன்றவர்களுடையதாக இருக்கும். நமக்கு எழுதத் தெரியும். நாம் எழுதிக்கொள்வோம். எழுதத் தெரியாதவர்களுக்குத்தான் இது முதலில் வேண்டும். பெண்கள் பாதிப் பேர் இருக்க வேண்டும். காலனியிலிருந்தும், பள்ளிவாசல் தெருவிலிருந்தும், கொல்லைக் காட்டு வீடுகளிலிருந்தும் வர வேண்டும். வர முடியாதவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

நான் சொல்கிற ஏற்பாடு

1. பேசுகிறவரிடம் முதலில் சம்மதம் வாங்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி வாங்க வேண்டும். சில பகுதியை இப்போது வெளியிட வேண்டாம் என்றால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். பிறர் குடும்ப விவகாரம் வெளியே போகக் கூடாது.

2. தனிப் பதிவேடு. வரிசை எண், பேசியவர் பெயர், வயது, ஊர், தொழில், தேதி, எத்தனை நிமிடம், என்ன பொருள், கேட்டவர் யார். கணினியில் இருந்தாலும் காகிதத்திலும் இருக்க வேண்டும். மின்சாரம் போனாலும் பதிவேடு படிக்கலாம்.

3. ஒவ்வொரு பதிவுக்கும் அரைப் பக்கச் சுருக்கம். நூறு மணி நேரத்தில் சூளை பற்றிய பேச்சு எங்கே என்று தேடுகிறவருக்கு அது இல்லாமல் முடியாது.

4. மூன்று இடங்களில் பிரதி. நம் நூலகம், கடலூரில் மாவட்ட மைய நூலகம், சென்னையில் கன்னிமாரா. யாழ்ப்பாணம் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

5. கேட்கிறவர் குறைவாகப் பேச வேண்டும். இது நம்மவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

இதற்குப் பெரிய அரசாணை எதுவும் வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். வாசகர் வட்டம் ஒரு தீர்மானம் போட்டு, மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதினால் ஆரம்பிக்கலாம். கடிதத்தின் வரைவை நான் தயார் செய்து வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள். அத்தோடு, உங்கள் தெருவில் முதலில் யாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு பெயரும் சொல்லுங்கள். வயதில் மூத்தவராக, இதுவரை மேடை ஏறாதவராக இருக்கட்டும்.

அந்தப் பட்டியல்தான் முதல் வேலை. மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.